மூன்று ஜாங்கும் மூன்றாம் ஜாங்கும்

1

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கி, இந்த மாதத்தோடு எனக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. என் கணவருக்கு இந்த நாள் ஒருமுறைகூட நினைவிருந்ததில்லை. ஊரில் என் அண்ணனுக்கோ நான் இங்கே வந்துவிட்டதே அவ்வப்போது மறந்துபோகும். போன பொங்கலுக்கு "முதல் நாள் சாயங்காலமே வந்துவிடு" என்று கார்டு போட்டிருந்தார், நான் ஏதோ மன்னார்குடியில் குடியிருப்பதுபோல. மறக்காமல் வைத்திருப்பது இந்த நாட்டு அரசாங்கம் ஒன்றுதான். உன் வேலை அனுமதி முடியப்போகிறது, வந்து புதுப்பித்துக்கொள் என்று ஆண்டு தவறாமல் சொல்லிவிடுகிறது.

என்னிடம் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு அந்த நிறம். சிவப்பு அட்டைக்காரி இங்கே எவ்வளவு காலம் வேண்டுமானாலும் இருக்கலாம், சமைக்கலாம், பிள்ளை பெறலாம். சம்பளத்துக்கு வேலை பார்ப்பதென்றால் மட்டும் கேட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். இங்கேயே பிறந்த என் கணவருக்கு நீல அட்டை, பன்னிரண்டு வயதானதும் மகளுக்கும் அதே. எங்கள் வீட்டில் மூன்று பேர், இரண்டு நிறம்.

வந்த புதிதில் நான் நிரப்பிய முதல் படிவத்தில் 'பஹாகியான் ஏ', 'பஹாகியான் பி' என்று தலைப்புகள் இருந்தன. பஹாகியா என்றால் மகிழ்ச்சி என்று கப்பலிலேயே ஒருவர் சொல்லிக்கொடுத்திருந்தார். அரசாங்கப் படிவத்தில் மகிழ்ச்சியை வரிசைப்படுத்திக் கேட்கிறார்களே, எவ்வளவு நல்ல தேசம் என்று நெகிழ்ந்துபோனேன். பஹாகியான் என்றால் வெறும் 'பகுதி' என்று தெரிய ஆறு மாதம் ஆயிற்று. ஓர் எழுத்து கூடினால் மகிழ்ச்சி பகுதியாகிவிடுகிறது. அந்தப் பாடத்தை அப்போதே ஒழுங்காகப் படித்திருந்தால் பின்னால் பட்ட பாடு பட்டிருக்க மாட்டேன்.

2

நான் பி.ஏ. தமிழ். ஊரில் அதற்கு ஒரு மரியாதை இருந்தது. நாங்கள் குடியிருக்கும் ஈப்போவில் அதைக் காட்டியபோது, "வேறு ஏதாவது தெரியுமா?" என்று கேட்டார்கள். நூலின் உறுப்புகளுக்கு நம் மொழியில் எத்தனை பெயர் என்று மூச்சுவிடாமல் சொல்லத் தெரியும். காண்டம், படலம், சருக்கம், இயல், காதை, அத்தியாயம், அதிகாரம். இதைத் தவிரத் தட்டச்சும் தெரியும் என்பதால் பிழைத்தேன்.

என் கணவர் கோப்பெங் பக்கம் ஓர் ஈயச் சுரங்கத்தில் ஃபிட்டர். போன ஆண்டு ஈயத்தின் விலை விழுந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. அவருடையதும் மூடியது. கிழக்குக் கரையில் எண்ணெய் எடுக்கும் இடத்தில் வேலை என்று கிளம்பிப் போனார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். அங்கே வேலை இருக்கும் மாதமும் உண்டு, இல்லாத மாதமும் உண்டு. ஆகவே வீடு நடப்பது என் வேலையில்தான். அந்த வேலை போனால் மகளைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அண்ணியை உங்களுக்குத் தெரியாது.

வேலை, தண்ணீர்க் குழாய் பதிக்கும் ஒரு கொரியக் கம்பெனியில். பெயர் சொல்ல மாட்டேன், அடுத்த ஆண்டும் அவர்களிடம்தான் கடிதம் வாங்க வேண்டும். கிழக்கே பாருங்கள், கொரியர்களைப் பார்த்து உழைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருக்கும் காலம் இது. நான் மூன்றாண்டுகளாக மிக அருகிலிருந்து பார்த்துவருகிறேன். அவர்கள் உழைக்கிறார்கள் என்பது உண்மை. நம்மையும் விடமாட்டார்கள் என்பது அதைவிட உண்மை.

என் இடம் ஆவண அறை. பம்புகளுக்கும் வால்வுகளுக்கும் தலையணை கனத்தில் கொரிய மொழிக் கையேடுகள். கேட்டதை எடுத்து, ஃபோட்டோஸ்டாட் போட்டு, பள்ளத்தில் நிற்கும் பொறியாளருக்கு அனுப்ப வேண்டும். பக்கத்து மேசையில் டெலிபோனும் ரேடியோவும் பார்க்கும் லெட்சுமி. கோப்பெங் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். அந்த ரப்பர்த் தோட்டம் எண்ணெய்ச் செம்பனைக்கு மாறியதும் குடும்பத்தோடு டவுனுக்கு வந்துவிட்டாள். தமிழ், மலாய், சந்தைக்கு வேண்டிய அளவு கன்டோனீஸ், எல்லாம் பேசுவாள். ஈப்போச் சீனர்கள் பேசுவது கன்டோனீஸ்தான்.

முதல் நாளே ஒரு கொரியர் உள்ளே வந்து "பல்லி, பல்லி" என்று கத்தினார். லெட்சுமி அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். நான் துடைப்பத்தை எடுத்தேன். சீக்கிரம் என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் சொல் என்று தெரிவதற்குள் மூன்று பல்லிகள் அநியாயமாகச் செத்தன.

அப்பாவை அவர்களும் அப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இதைப் படித்ததும், கொரியாவுக்குத் தமிழர்கள் போன கதையை நிரூபித்து எட்டுப் பக்கத்துக்கு எழுத உங்களில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். தயவுசெய்து எனக்கு அனுப்பாதீர்கள். என் மேசையில் ஏற்கெனவே நிறைய காகிதம் இருக்கிறது.

3

நான் ஒழுங்காகக் கற்ற முதல் கொரியச் சொல் ஜாங். எங்கள் மேலதிகாரி யூன் இரண்டு விரலைக் காட்டி "து ஜாங்" என்பார், இரண்டு தாள். மூன்று விரலைக் காட்டி "செ ஜாங்" என்பார், மூன்று தாள். ஜாங் என்றால் தாள். ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டேன், நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியைச் சாப்பாட்டறை கெடுத்தது. அங்கே மிளகாய் விழுதும் ஜாங், சோயா விழுதும் ஜாங். அதைவிட மோசம், மனிதர்களும் ஜாங். சைட்டுக்குத் தலைவர் ஒரு ஜாங், பிரிவுக்குத் தலைவர் ஒரு ஜாங். யூனின் பதவிக்குப் பெயர் புஜாங். இலாகாத் தலைவர் என்று அர்த்தம். ஆனால் மலாயில் பூஜாங் என்றால் கல்யாணமாகாதவன்.

யூன் வந்து சேர்ந்த அன்று எல்லோர் முன்னாலும் நின்று, நெஞ்சில் கை வைத்து, "நான் புஜாங்" என்று கம்பீரமாக அறிவித்தார். ஐம்பதை நெருங்கும் மனிதர், முன்தலை வழுக்கை. கூட்டத்தில் ஒரு முனகல் எழுந்தது.

"பாவம்லா அக்கா, இந்த வயசுல இதைப் போயி எல்லாருக்கும் சொல்லணுமா?" என்றாள் லெட்சுமி.

மேசைமேல் அவர் மனைவியும் இரண்டு பெண்களும் இருக்கும் படத்தை வைத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. விளங்கிய பிறகும் சிரிப்பை விட யாருக்கும் மனமில்லை. டிரைவர்கள், சமையல்காரர், நாங்கள் இருவர், எல்லோரும் மூன்றாண்டுகளாக அவரைப் பூஜாங் என்று அழுத்தி அழைத்தோம். "பூஜாங் சாப்பிட்டாச்சா", "பூஜாங்குக்கு எப்ப கல்யாணம்" என்று அவர் காதுபடவே தமிழிலும் மலாயிலும் பேசுவோம். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார்.

இப்படிச் சிரித்துக்கொண்டிருந்த எனக்குப் போன மாதம் வந்தது வினை. பம்பு நிலையத்தில் அரசாங்க ஆலோசகர்கள் நான்கு பேர் சோதனைக்கு வந்திருந்தார்கள். அங்கிருந்து ரேடியோவில் யூனின் குரல். ஏழாம் எண் கையேடு, "சாம் ஜாங், பல்லி பல்லி".

"சாம்னா என்ன லெட்சுமி?"

"மூணுக்கா. பாசார்ல மீன் வாங்குறப்ப கேட்டதில்லையா? யாட், யீ, சாம்."

செ ஜாங் என்று சொல்லிக்கொண்டிருந்தவர், நமக்குப் புரியட்டும் என்று ஈப்போச் சீனத்திலேயே சொல்கிறார், நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். ஏழாம் கையேட்டின் முதல் மூன்று தாள்களைப் படியெடுத்து, உறையிலிட்டு, டிரைவரிடம் கொடுத்து விரட்டினேன். அட்டை, கம்பெனித் தலைவரின் படம், அவருடைய வாழ்த்துரை, இவைதான் அந்த மூன்று. அதைப் பிரித்த யூன், பார்க்காமலேயே ஆலோசகர்கள் முன்னால் மேசைமேல் விரித்திருக்கிறார். பம்பின் அடித்தளக் கணக்கை எதிர்பார்த்து நின்றவர்களைப் பார்த்துக் கம்பெனித் தலைவர் சிரித்திருக்கிறார். சோதனை ஒரு வாரம் தள்ளிப்போனது.

சாயங்காலம் யூன் சேறு அப்பிய பூட்ஸோடு ஆவண அறைக்குள் வந்து கையேட்டை என் முன்னால் போட்டார். எங்கள் பேச்சு ஆங்கிலம், மலாய், கை ஜாடை மூன்றும் கலந்தது. அப்படியே எழுதினால் உங்களுக்குத் தலைவலி வரும். தமிழில் தருகிறேன்.

"செ ஜாங், மூன்று தாள். சாம் ஜாங், மூன்றாம் அத்தியாயம். தெரியாதா?"

"ஜாங் என்றால் தாள் என்று..."

"தாளும் ஜாங். அத்தியாயமும் ஜாங். எண்தான் வேறு. எங்கள் எண்ணில் சொன்னால் தாள். சீனத்திலிருந்து வந்த எண்ணில் சொன்னால் அத்தியாயம்."

லெட்சுமி டெலிபோனைத் துடைப்பதுபோலக் குனிந்துகொண்டாள். யூன் என்னையே பார்த்தார்.

"மிஸ்ஸஸ் கோமதி, இன்னொரு முறை நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன்."

அந்த வாரம்தான் அனுமதிக்கு அவரிடம் கடிதம் கேட்பதாக இருந்தேன்.

4

வீட்டுக்குப் போய் மகளிடம் சொன்னேன். அவளுக்குப் பதினொரு வயது. கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மலாய்ல சாப்டருக்கு பாப், தாளுக்கு ஹெலாய். ரொம்ப சுலபம்லா அம்மா. தமிழ்ல என்னா?"

"அத்தியாயம், இயல், படலம், அதிகாரம்..."

"எதுக்கு அவ்வளவு?"

மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கடிதம் எழுதும் என் அண்ணனுக்கு, அந்தத் தமிழைக் கூட்டிக்கூட்டிப் படித்து மலாயில் பதில் எழுதுகிறாள். நான் உட்கார்ந்து அதைத் தமிழாக்கி அனுப்புகிறேன். மருமகளின் தமிழ் நடை அருமை என்று அண்ணன் பாராட்டி எழுதுகிறார். மறுக்க மனமில்லாமல் நானும் வாங்கி வைத்துக்கொள்கிறேன்.

ஆனால் அவளுக்குப் பட்டியல் சொல்லும்போது ஒன்று உறைத்தது. நம் மொழியிலும் நூலின் பகுதிக்கு அதிகாரம் என்று பெயர். நாற்காலியில் உட்கார்ந்து மிரட்டுவதற்கும் அதிகாரம் என்றுதான் பெயர். கொரியனைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? ஜாங்கைக் கண்டு சிரித்த நான், அதிகாரத்தை இருபது வருஷம் ஒரு சந்தேகமும் இல்லாமல் மனப்பாடம் செய்திருக்கிறேன்.

5

மூன்று நாள் பூனைபோல நடந்துவிட்டு, நான்காம் நாள் கடிதத்தை நீட்டினேன். மலாயில் நானே தட்டியது. யூன் கையெழுத்துப் போட்டு, தன் முத்திரையைக் குத்தினார். ஈப்போவில் செய்த முத்திரை, ஆங்கில எழுத்தில், கொட்டையாக: யூன், புஜாங். அந்த எழுத்தில் புஜாங்கும் பூஜாங்கும் ஒன்றுதான். கூடவே வைத்திருந்த படிவத்தில் 'பஹாகியான் சி' வேலை கொடுப்பவரின் உத்தரவாதம். அவருடைய விவரங்களை நானே நிரப்பியிருந்தேன். மணநிலை என்ற இடத்தில் 'பெர்காவின்', அதாவது மணமானவர் என்ற கட்டத்தில் குறி போட்டிருந்தேன். அதிலும் கையெழுத்திட்டார்.

அனுமதி தரும் அலுவலகத்தில் காத்திருந்து, என் முறை வந்து, முகப்பில் இருந்த அதிகாரியிடம் கொடுத்தேன். கடிதத்தைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார், மறுபடி கடிதத்தைப் பார்த்தார். பெண்களை இங்கே புவான் என்பார்கள், ஆண்களைத் துவான்.

"புவான், உங்கள் மேலதிகாரி பூஜாங்கா, பெர்காவினா?"

"பெர்காவின்தான், துவான். இரண்டு பெண் குழந்தைகள்."

"முத்திரையில் பூஜாங் என்று இருக்கிறதே."

"அது கொரிய மொழியில் பதவி, துவான். இலாகாத் தலைவர்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். கோபக்காரர் இல்லை. ரொம்பப் பொறுமையானவர், அதுதான் பயமாக இருந்தது.

"இது கொரியா இல்லை, புவான். கடிதத்தில் பூஜாங், படிவத்தில் பெர்காவின். இரண்டும் முரண். முரணான ஆவணத்தை நான் வாங்க முடியாது."

"எதை மாற்றட்டும்?"

"எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள். ஒத்துப்போனால் போதும்."

உண்மை எது என்று அவர் கேட்கவில்லை. அது அவருடைய பகுதியில் வராது. பழைய அனுமதி முடிய வெள்ளிக்கிழமை வரை நேரம் இருந்தது. அது புதன்.

திரும்பி வந்து, யூனின் அறைக்கு வெளியே பத்து நிமிடம் நின்றேன். பூஜாங் என்றால் இன்னது என்று சொன்னால், மூன்றாண்டுகளாக நாங்கள் சிரித்ததையும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். ஆகவே முழுசாகச் சொல்லாமல் மென்று விழுங்கினேன். இரண்டு தாளும் ஒத்துப்போகவில்லையாம், முத்திரைக்குப் பதிலாகப் 'பெங்கூருஸ்', அதாவது நிர்வாகி என்று தட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"இருபது வருஷம் வேலை செய்து புஜாங் ஆனேன். முத்திரை மாறாது."

என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. அவர் படிவத்தைக் கேட்டு வாங்கினார். 'பஹாகியான் சி'யில் என் குறி இருந்த இடத்தை நெடுநேரம் பார்த்தார். "நாளை நானே வருகிறேன்" என்றார். தொலைந்தது வேலை, அந்த முகப்பில் நின்று இவர் பல்லி பல்லி என்று கத்தப்போகிறார் என்றே அன்றிரவு முழுதும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் யூன் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார். முகப்பில் தலை குனிந்து வணங்கினார். புதுப் படிவம் ஒன்று வாங்கி, என்னை நிரப்பவிடாமல் தன் கையாலேயே நிரப்பினார். மணநிலைக்கு வந்ததும் அச்சிட்ட சொற்களின்மேல் விரலை ஓட்டினார். ஒரு கட்டத்தருகில் 'பூஜாங்' என்றிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. மலேசிய அரசாங்கம் தன் பதவியை முன்கூட்டியே அச்சிட்டு வைத்திருப்பதைக் கண்டுகொண்டவர்போல, அதில் பெரிதாக ஒரு குறி போட்டார்.

நான் வாயைத் திறந்தேன். அதிகாரி அதற்குள் படிவத்தை வாங்கிக் கடிதத்தோடு ஒப்பிட்டார்.

"பூஜாங், பூஜாங். இப்போது சரி," என்றார். என் அனுமதியில் ஓராண்டுக்கு முத்திரை விழுந்தது.

6

ஜீப்பை யூனே ஓட்டினார். எனக்கு நல்லது செய்த மனிதரை ஒரு படிவத்தில் முட்டாளாக்கிவிட்டோமே என்று உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரைத் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"சார், நீங்கள் குறி போட்டது பதவி இல்லை. அந்தச் சொல்லுக்கு இங்கே வேறு அர்த்தம்."

"தெரியும்."

"எது தெரியும்?"

"கல்யாணமாகாதவன். வந்த முதல் மாதமே அகராதி வாங்கிப் பார்த்தேன். எல்லோரும் சிரித்தீர்களே."

என் காதெல்லாம் சூடாகியது. பிறகு ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னால் வேறு பெயர் வைப்பீர்கள். அது இதைவிட மோசமாக இருக்கும்."

அதுவும் சரிதான். லெட்சுமியிடம் இரண்டு பெயர் தயாராக இருந்தது எனக்குத் தெரியும்.

"முத்திரையையே மாற்றியிருக்கலாமே, சார்."

"முத்திரை உண்மை. அதை மாற்றக்கூடாது."

"கல்யாணமும் உண்மைதானே?"

மனைவியை விட்டாலும் விடுவார், பதவியை விடமாட்டார் என்று உள்ளுக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. முன்னால் ஒரு மணல் லாரி போய்க்கொண்டிருந்தது. அதை முந்தாமல் அதன் பின்னாலேயே ஓட்டினார்.

"சவூதியில் நான்கு வருஷம், இங்கே மூன்று. போன விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். சின்னப் பெண்தான் கதவைத் திறந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, 'அப்பா வீட்டில் இல்லை' என்று சொன்னாள்."

அவர் காதுபட நாங்கள் பேசியவை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன, நானே சொன்னவைதான் அதிகம். மன்னிப்புக் கேட்க எங்கள் மூன்று பாஷைக் கலவையில் சொல் தேடினேன், கிடைக்கவில்லை. நன்றி என்று மட்டும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

சைட் ஆபீஸ் வாசலில் ஜீப் நின்றது. லெட்சுமி படியில் காத்துக்கொண்டிருந்தாள். நான் இறங்குவதற்குள் தமிழில் உரக்கக் கேட்டாள்.

"என்னாக்கா, பூஜாங்கோட ஈப்போவெல்லாம் சுத்திட்டு வாரீங்களா? பொண்ணு ஏதும் பாத்துக் குடுத்தீங்களா அவருக்கு?"

நான் திரும்பிப் பார்த்தேன். யூன் எதுவும் புரியாதவர்போலக் குனிந்து, இருக்கைக்கு அடியில் ஜீப் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். சாவி அவர் கையில் இருந்தது.